ரவுட்டரில் உள்ள கூடுதல் வசதிகள்: எதை ஆன் செய்யலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வைஃபை ரவுட்டர் வாங்கியவர்கள் பலர், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வசதிகள் எல்லாவற்றையும் ஆன் செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ரவுட்டருக்குள் இருப்பது ஒரு குட்டிக் கணினி. நெட்டைப் பங்கிட்டுத் தரும் அதே பிராசசர்தான் மற்ற வேலைகளையும் இழுக்க வேண்டும்.

அதிகம் கேள்வி வருவது யூஎஸ்பி போர்ட் பற்றித்தான். ஹார்டு டிஸ்கைச் செருகினால் வீட்டிலுள்ள எல்லோரும் கோப்புகளை எடுக்கலாம், டிவியிலும் படம் பார்க்கலாம். ஆனால் மின்சாரம் போதுமா என்று முதலில் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் இதைவிடக் கூடுதலாக இழுக்கலாம். அப்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும், டிஸ்க் காணாமல் போகும், சில சமயம் ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க், அல்லது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டிஸ்க் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டில் உங்கள் ரவுட்டர் எதைப் படிக்கும் என்று மேனுவலில் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்தபின் ஃபார்மட் செய்யுங்கள்.

டிஸ்க் செருகியதிலிருந்து வைஃபை தடுமாறுகிறதா? யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. டிஸ்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். செட்டிங்ஸில் யூஎஸ்பி 2.0 மோடுக்கு மாற்ற வழியிருந்தால் மாற்றுங்கள். வேகம் குறையும், வைஃபை நிலைக்கும்.

விண்டோஸில் டிஸ்க் தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் எஸ்எம்பி1, அதாவது நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை. பழைய ரவுட்டர்கள் சிலவற்றுக்கு அது மட்டுமே தெரியும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை இயல்பாக ஆன் செய்து தருவதைக் கைவிடத் தொடங்கினார்கள். இணையத்தில் சொல்கிறார்களே என்று கணினியில் அதை மறுபடி ஆன் செய்யாதீர்கள். ரவுட்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்து, அடுத்த பதிப்பான எஸ்எம்பி2 வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த ரவுட்டரில் டிஸ்க் போடும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபை) மட்டும் யோசிக்காமல் ஆன் செய்யுங்கள். விருந்தினர் போன், ஸ்மார்ட் பல்பு, கேமரா எல்லாம் அதில் இருக்கட்டும். பிரிண்டர் மட்டும் மெயின் நெட்வொர்க்கிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிண்ட் போகாது.

பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தும் போன் தப்பிக்கிறது என்றால், மேக் முகவரி, அதாவது ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காணும் எண், மாறியிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாகவே போலி முகவரி காட்டும். அதை மாற்றினால் ரவுட்டருக்கு அது புதுக் கருவி. அடையாளம் தெரியாத கருவிகளைத் தடுக்கும் விதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குப் பாதுகாப்பாக வர விபிஎன் சர்வர் அமைக்கும் முன், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரியை) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. அந்த முகவரி வழியாக வெளியிலிருந்து நேரடியாக இணைப்பு வராது. இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேளுங்கள். விபிஎன் வகைகளில் வயர்கார்டு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ஓப்பன்விபிஎன் சின்ன பிராசசரைத் திணறடிக்கும்.

சந்தேகம் கேட்க வரும்போது ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாருங்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று வெவ்வேறு சர்க்யூட் பலகைகள் வருகின்றன. ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
கடை சேவைப் பிரிவு