எஸ். ஹ்யூராக் வழங்கும்...

மதிப்புக்குரிய சோல் ஹ்யூராக் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இசை, நடன நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து மேடையேற்றியவர் நீங்கள். 'எஸ். ஹ்யூராக் வழங்கும்' என்று சுவரொட்டிகளில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டீர்கள். அதைத் தற்பெருமை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கம் காலியாகக் கிடந்தால் கடன்காரர்கள் தேடி வருவது அந்தப் பெயரைத்தானே.

1906இல் ரஷ்யாவிலிருந்து நியூயார்க் வந்து இறங்கிய ஏழைப் பையன் நீங்கள். அங்கே ஹிப்போட்ரோம் அரங்கில் ரஷ்ய பாலே நடனக்காரர் அன்னா பாவ்லோவா ஆடியதைப் பார்த்துச் சொக்கிப்போனீர்கள். பிறகு அவரையே அமெரிக்கா முழுக்க அழைத்துப்போனீர்கள். ரஷ்யப் பாடகர் ஷாலியாப்பினையும் ரஷ்ய ஓபரா (இசை நாடக) குழுவையும் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டு, திவாலும் ஆனீர்கள். சரி, போதும் என்று வேறு தொழில் பார்த்திருக்கலாம். நீங்களோ 1932இல் நம் நடனக் கலைஞர் உதய் சங்கரை அங்கே மேடையேற்றினீர்கள்!

ஆனாலும் உங்களை நான் அதிகம் நினைப்பது பாடகி மரியன் ஆண்டர்சனால். பாரிஸில் அவர் பாடக் கேட்டதும் ஒப்பந்தம் பேசிவிட்டீர்கள். 1939இல், அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹால் இடம் தர மறுத்தது. வேறு ஊரில் ஒரு தேதி வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். நீங்கள் விஷயத்தைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனீர்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய வால்டர் ஒயிட் போன்றவர்களோடு சேர்ந்து வேறு இடம் தேடினீர்கள். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகப் படிக்கட்டில், குளிருக்கு ரோமக் கோட்டு போர்த்தி, கண்களை மூடிக்கொண்டு அவர் பாடினார். எதிரே 75,000 பேர். டிக்கெட்டே கிடையாது. ஒரு டாலர்கூட வசூலாகாத அந்த நிகழ்ச்சிதான் உங்கள் தொழில் வாழ்க்கையின் உச்சம் என்பேன்.

பனிப்போருக்கு நடுவே 1958இல் சோவியத் நாட்டின் மொய்செயெவ் நாட்டுப்புற நடனக் குழுவையும், மறு வருடம் மாஸ்கோவின் பல்ஷோய் பாலே குழுவையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தீர்கள். அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சோவியத் யூதர்களுக்காகப் போராடுகிறோம் என்று சொல்லி, 1972 ஜனவரியில் உங்கள் அலுவலகத்தில் குண்டு வைத்தார்கள். ஓர் இளம் பெண் ஊழியர் இறந்துபோனார். நீங்களும் யூதர்தான், அப்போது உங்களுக்கு வயது 83. அந்தப் பெண்ணின் சாவு உங்களை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசிக்கவே மனம் கனக்கிறது.

அப்புறமும் நீங்கள் கடையைக் கட்டவில்லை. 1974 மார்ச் 5 அன்று, பாலே கலைஞர் நுரேயெவின் புதிய நிகழ்ச்சி பற்றிப் பேசப் போனபோதுதான் உங்கள் உயிர் பிரிந்தது. கார்னகி ஹாலில் நடந்த அஞ்சலியில் உங்களைப் பற்றிப் பேச மரியன் ஆண்டர்சன் வந்திருந்தார்.

அன்புடன்,
உங்கள் ரசிகை