வண்டல் மண்ணும் தொங்கு சல்லடையும்

சிலைமான்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். பேரனைப் பார்க்கத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அரியலூருக்கே வருகிறோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, மண்ணில் கிடக்கும் பழைய பொருள்களைச் சலித்தெடுக்க எப்படிச் செய்வது என்று நீ கேட்ட சல்லடைக்கு வருகிறேன்.

கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தோம். வரப்போரம் கொட்டிய குவியலில் பானை ஓடு தலைகாட்டியது. கீழடி பக்கத்திலேயே இருக்கும்போது இந்த மண்ணை அப்படியே பரப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. சலித்துவிட்டுப் பரப்புவோம் என்று ஆசாரியைக் கூப்பிட்டேன்.

கொத்தனார் சாய்த்து வைத்து மணல் சலிக்கிறாரே, அது இதற்கு ஆகாது. எறிகிற வேகத்தில் ஓடு உருண்டு விளிம்பு நொறுங்கிப்போகும். படுக்கைவாட்டில் தொங்குகிற சல்லடைதான் வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி, நாலு அங்குல உயரத்தில் பலகைச் சட்டம். அடியில் கால் அங்குலக் கண் உள்ள, துரு ஏறாத ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி வலை. வலை தொய்யாமல் இருக்கக் குறுக்கே ஒரு ரீப்பர், அதாவது ஒடுக்கமான மரத்துண்டு. வலையின் ஓரத்தை வெறும் ஆணியில் நிறுத்தாதே, ஈர மண் பாரத்துக்குக் கழன்றுவிடும். ஓரத்தின் மேல் சுற்றிலும் மெல்லிய ரீப்பர் வைத்து ஸ்க்ரூ முடுக்கு. வெட்டிய கம்பி முனையும் மறைந்துவிடும், கை தப்பிக்கும்.

மூன்று சவுக்குக் கழியை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தி, சட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் நைலான் கயிறு எடுத்து இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டேன். பாரம் முழுக்கக் கயிற்றில். நாம் ஆட்டினால் போதும். நம் வயசுக்கு இதுதான் சரி. ஒரு தடவைக்கு ஒரு சாந்துச்சட்டி மண், அதற்கு மேல் வேண்டாம். கீழே தார்ப்பாய் விரித்துக்கொள். கால் அங்குலக் கண்ணில் பாசிமணி நழுவிவிடும், அதனால் தார்ப்பாயில் விழுந்ததை அரைக்கால் அங்குல வலையில் இன்னொரு முறை சலிக்க வேண்டும். காய்ந்த வண்டல் கல் மாதிரி இருக்கும். தட்டி உடைக்காமல் அண்டாவில் ஊறப்போட்டு, கரைந்ததும் ஊற்றிச் சலி.

கிடைத்தவற்றில் பெரும்பாலும் சாதாரணச் சிவப்பு ஓடுகள்தான். ஒன்று மட்டும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். உடைந்த விளிம்பில் அந்த இரண்டு நிறமும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் ஒரு வட்டச்சில்லு. யாரோ பானை ஓட்டை எடுத்துச் சுற்றிலும் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வழவழவென்று இருக்கிறது, எதிர்ப்பக்கம் இன்னும் சொரசொரப்பு. கீழடியிலும் இந்தச் சில்லுகள் நிறைய எடுத்திருக்கிறார்கள். பேத்தி கையில் கொடுத்தேன். "பாண்டி விளையாடுறதுதானே தாத்தா?" என்றாள்.

ஆனால் மாப்ளே, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அள்ளிக் கொட்டிய மண்ணுக்குத்தான் இந்தச் சல்லடை. சலிப்பதற்காக என்று எங்கேயும் தோண்டிவிடாதே. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்று கண்டார்கள். எந்த ஆழம், எந்த அடுக்கு, கூடவே என்ன கிடந்தது என்று எழுதி வைத்ததால்தான் அந்தக் கரிக்கு மதிப்பு. அதையே ஒருவர் ஆசைக்குத் தோண்டி எடுத்திருந்தால் அடுப்புக்கரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. என் சில்லு எந்தக் காலத்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பதும் இதனால்தான். கண்மாயிலேயே அது இடம் மாறிவிட்டது. இருந்தாலும் எந்த டிராக்டர் மண், கண்மாயில் எந்தப் பக்கம் அள்ளியது என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொரு பையிலும் போட்டிருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். காசு ஏதாவது அகப்பட்டால் பித்தளைக் குடத்தைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்து அழிந்துவிடும். ஓட்டையும் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் நிழலில் உலர்த்து.

உன் பக்கம் கதையே வேறு. எங்களுக்கு ஈராயிரத்துச் சொச்சம் வருஷமே மலைப்பாக இருக்கிறது, நீ கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய கடல் தரையில் குடியிருக்கிறாய். காரை கிராமத்துப் பக்கம் ஓடைகளில் மழை அரித்துச் சேர்த்த மண்ணில்தான் அந்தக் கடல் உயிர்களின் சின்ன எச்சங்கள் தங்கும். பெரிய கிளிஞ்சல் கண்ணுக்கே தெரியும். சுறாப் பல் மாதிரிப் பொடிசுகளுக்கு அரைக்கால் அங்குல வலை கட்டாயம். அங்கேயும் எதையாவது எடுக்குமுன் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கிடந்த இடத்தில் வைத்தே போட்டோ எடு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

டவுனில் எனக்கு வலை வெட்டிய கடையிலேயே உனக்கும் இரண்டு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன். சட்டத்துக்குப் பலகை மட்டும் அங்கே பார்த்து வை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி