வக்கீலம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

வணக்கம்.

என் தம்பியின் கொலை வழக்கில் சென்ற வாரம் தீர்ப்பு வந்தது. மூவருக்கும் ஆயுள் தண்டனை. வீடு திரும்பிய அம்மா, தம்பி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வக்கீலம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதுப்பா" என்றார்.

வழக்கின் தலைப்பில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். தம்பி அதில் 'இறந்தவர்'. அம்மா அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி; நான் அ.சா.2. சம்மன் வந்தால் போய்ச் சாட்சி சொல்வதைத் தவிர எங்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்றுதான் நம்பியிருந்தோம். 2022இல் எதிரிகளின் ஜாமீன் மனு எப்போது விசாரணைக்கு வந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் காலை பால் வாங்கப் போன அம்மா, அவர்களில் ஒருவனை டீக்கடை பெஞ்சில் பார்த்துவிட்டு வெறும் தூக்குவாளியோடு திரும்பி வந்தார்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலரான அக்காதான் விவரம் சொன்னார். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான கொடுமைகளுக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஜாமீன் விசாரணையானாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் உயர் நீதிமன்றத்தில் ஜாமீனை ரத்து செய்ய வைத்தோம். அக்கா, அந்த ஒரு மாலை நீங்கள் எங்கள் திண்ணையில் உட்காராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பது யாரோ ஒருவர் வந்து சொன்னால்தான் கிடைக்கும் என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சிறப்பு அரசு வழக்கறிஞர் அம்மா, ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் வராந்தாவில் நின்று, அன்று நடந்ததை எங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். அம்மா சாட்சி சொல்வதற்கு முதல் நாள், ஆளில்லாத நீதிமன்றத்துக்குள் கூட்டிப்போய், கூண்டு எது, நீதிபதி எங்கே அமர்வார், எதிரிகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று காட்டினீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. "பார்த்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்" என்றீர்கள். மறுநாள் இரண்டு மணி நேரக் குறுக்கு விசாரணையிலும் அம்மாவின் குரல் நடுங்கவில்லை.

மூன்று பேர் முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சியானபோது, செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு வந்து கண்டதைக் கண்டபடி சொன்ன அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? ஊரில் அவரோடு பலர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாட்சிக்குப் பயணப்படியும் அன்றைய கூலியும் உண்டு என்று அவருக்கு எடுத்துச் சொல்லி, மனுவும் எழுதிக்கொடுத்த நீதிமன்ற ஏட்டய்யாவுக்கும் எங்கள் வணக்கம்.

எதிரிகள் மேல்முறையீடு செய்யப்போவதாகக் கேள்வி. நோட்டீஸ் வந்தால் தானும் வருவேன் என்கிறார் அம்மா.

இப்படிக்கு,
இறந்தவரின் அண்ணன்