டெல்லி நம்பர் வண்டி

முதலியார்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய ஒன்பது போட்டோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு பென்ஸ், 2014 மாடல், இ 250 சிடிஐ டீசல், டெல்லி நம்பர், எட்டே முக்கால் லட்சம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். வாங்காதே என்று சொல்லப் போவதில்லை. ஐந்து வருஷமாக ஒரு கிழட்டு பென்ஸைக் கட்டி மேய்க்கிறவன் அப்படிச் சொன்னால் இங்கே வீட்டிலேயே சிரிப்பார்கள்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். இவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். கோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாள். பெரியவன் பெங்களூரில் வீடு மாறிவிட்டான், பேத்தி கன்னடத்தில் பொரிந்து தள்ளுகிறாள், பாதி புரியவில்லை. மஞ்சக்குப்பம் வீட்டை இன்னும் விற்கவில்லை. மாதம் ஒருமுறை கடலூர் போய்ப் பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சாயங்காலம் சில்வர் பீச்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறோம். அதற்குத்தான் அந்த வண்டி. போக 22 கிலோமீட்டர், வர 22. இவ்வளவுதான் அதன் வேலை என்று தெரிந்தால் ஜெர்மனிக்காரன் அழுவான்.

உனக்கு என் வண்டியின் கதை முழுசாகத் தெரியாது. அதைச் சொன்னால்தான் உன் வண்டியைப் பற்றிச் சொல்வது புரியும்.

அது 1995இல் புனேயில் தயாரானது. பென்ஸ் கம்பெனி நம் நாட்டில் முதலில் செய்த மாடலே அதுதான், டபிள்யூ 124 என்பார்கள். ஜெர்மனியில் 1984 கடைசியில் வந்த மாடல், அங்கே மூட்டை கட்டுகிற நேரத்தில் இங்கே ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரி. 2020 கடைசியில் பார்க்கப் போனபோது பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் துரு, சீட்டில் கிழிசல், ஏசி காற்று வெந்நீர் மாதிரி. வேண்டாம் என்று கிளம்புகிற சமயம் அவர் உள்ளே போய் ஒரு மஞ்சப்பை கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற பைதான். உள்ளே இருபத்தைந்து வருஷத்து பில். ஆயில் மாற்றியது, பிரேக் பேடு மாற்றியது, ரேடியேட்டர் மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில் என்று பில்லுக்குப் பின்னால் அவர் கையாலேயே பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டே கால் லட்சம் கொடுத்தேன். அந்தப் பைக்குத்தான் கொடுத்தேன் என்று இன்றைக்கும் இவளிடம் சொல்கிறேன்.

அந்தப் பை இருந்தும் என்ன ஆயிற்று, கேள். வாங்கிய ஆறாம் மாதம், கடலூரிலிருந்து திரும்பும்போது கன்னியக்கோயில் பக்கம் தூறல். வண்டி திக்கித் திக்கி இழுத்தது, அப்புறம் நின்றேவிட்டது. டெம்போ வைத்து இழுத்துவந்து நம் பாயிடம் விட்டேன். (பாய் பட்டறை தெருமுனையில்தான். அம்பாசிடர் காலத்து ஆள். இப்போது மகன் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறான், பாய் காதை வைத்துப் பார்க்கிறார், இருவரும் அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.) இன்ஜின் மேல் போகிற ஒயரிங் செட்டைச் சுற்றியிருந்த கறுப்பு உறையை அவர் பிளேடால் கீறினார். உள்ளே ஒரு ஒயரை எடுத்து லேசாக மடக்கினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒயரின் மேல்தோல் பொலபொலவென்று உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெறும் செம்புக் கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த பென்ஸ்களுக்கு இது பிறவி வியாதி. மட்கிப்போகிற பொருளில் ஒயர் உறை போட்டிருந்தார்கள், இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து அது பொடியாகிவிடும். எத்தனை ஆயில் மாற்றினாலும் அது மாறாது. பாய் சூடு தாங்கும் ஒயர் வாங்கி, ஒவ்வொரு நிறமாக ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஒன்பது நாள் உட்கார்ந்து புதுசாகக் கட்டினார்.

அடுத்தது ஏசி. அதில்தான் நான் ஏமாந்தேன். ஒரு ஏசி கடையில் கேஸ் குறைவு என்று சொல்லி மூன்று கோடையில் மூன்று முறை நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் பழையபடி. கேஸ் தானாகக் குறையாது, எங்கேயோ கசிந்தால்தான் குறையும் என்ற சின்ன விஷயம் எனக்கு ஏன் உறைக்கவில்லையோ! கூலிங் காயிலில் ஓட்டை. அந்த மாடலில் அதைத் தொடவேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். காயில் விலையைவிடக் கழற்றிப் பூட்டுகிற கூலி அதிகம். கழற்றினபோது உள்ளிருந்து ஒரு ஐம்பது பைசா, காய்ந்து சருகான மல்லிகைச் சரம், திருப்பாதிரிப்புலியூர் கோயில் அர்ச்சனைச் சீட்டு ஒன்று விழுந்தன. சீட்டை அந்த வியாபாரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், மனுஷன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செலவுக்கு நோட்டு போட்டிருக்கிறேன். ஐந்து வருஷத்தில் 3,90,000 ரூபாய் சொச்சம், பெட்ரோல் நீங்கலாக. வாங்கிய விலையைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை, தெரிந்தே செய்தேன். கார் விலை வருஷா வருஷம் இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது. உன் வண்டி புதிதில் நாற்பது லட்சத்துக்கு மேல். எட்டே முக்காலுக்கு வாங்கினாலும் ஹெட்லைட் உடைந்தால் நாற்பது லட்ச ரூபாய் வண்டியின் ஹெட்லைட்டைத்தான் வாங்குவாய்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். டெல்லி நம்பர் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருந்தாய். தலைநகர் வட்டாரத்தில் டீசல் வண்டி பத்து வருஷம், பெட்ரோல் பதினைந்து வருஷம் தாண்டினால் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதிலிருந்து அங்கே வயசான டீசல் கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள், அவை லாரியில் ஏறித் தெற்கே வந்தன. ஆகவே மலிவு என்பதாலேயே திருட்டு வண்டியோ அடிபட்ட வண்டியோ என்று பயப்பட வேண்டாம். கடல் காற்று படாதது ஒரு நல்ல விஷயம். என் வண்டிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை அடியைக் கழுவி, ஜாக்கி வைக்கிற இடத்தில் துரு தட்டி, பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறேன். உனக்குத் திருச்சியில் அந்த வேலை இல்லை.

ஆனால் அது ரெண்டுங்கெட்டான் வயசு, மாப்ளே. புதுசுக்கான வாரண்டி கிடையாது. என் வண்டி மாதிரி பாய் பிளேடால் கீறிச் சரிசெய்கிற எளிமையும் கிடையாது. அந்த டீசல் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற சங்கிலி) பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் சின்ன வேலை என்று யாரும் செய்துதர முடியாது, கியர் பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். அதனால் காலையில், வண்டி சில்லிட்டிருக்கும்போது போ. முந்தின நாளே டீலரிடம், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவை. போனதும் வேறெதையும் பார்க்காமல் முதலில் பானெட்டில் கையை வை. சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பு. ஏன் சூடாக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சில்லென்று இருந்தால் நீயே சாவியைத் திருகு. முதல் சில வினாடி இன்ஜினில் கரகரவென்று சங்கிலி உரசுகிற சத்தம் வந்தால் அதுதான் நான் சொன்ன செயின்.

சாவி என்றதும் ஞாபகம். இந்த மாடலில் ஸ்டியரிங் பூட்டுக்குள் ஒரு பொடி மோட்டார் இருக்கிறது. அது ஒருநாள் மண்டையைப் போட்டால் சாவியைச் செருகினாலும் வண்டி கண்ணே திறக்காது. முன்னமே மாற்றியிருக்கிறார்களா என்று கேள். இரண்டு சாவியும் கொடுக்கிறார்களா என்றும் கேள்.

மீட்டரில் 68,000 கிலோமீட்டர் என்று போட்டோவில் தெரிகிறது. நம்பாதே. பிரேக் பெடல் ரப்பரைப் பார், டிரைவர் சீட்டில் ஏறி இறங்குகிற ஓரத்தைப் பார், ஸ்டியரிங் தோல் வழவழவென்று மின்னுகிறதா என்று பார். சேசிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் எந்த வருஷம் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்பது தெரிந்துவிடும். அதுதான் உன் மஞ்சப்பை. அது இல்லையென்றால் எட்டே முக்கால் இல்லை, ஆறுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2315 என்று இருந்தால் 2015ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வயசு டயர் டயர் இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்த்துவிடு. டெல்லியிலிருந்து வந்தது என்றாலும் இடையில் எங்கே நின்றதோ! 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் உனக்கு ஞாபகம் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினாயே. ஒரே நாளில் இங்கே 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் காருக்கு மேல் நீர். நான் முந்தின நாளே மச்சினன் வீட்டில் கோரிமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், மேட்டு இடம். அதற்கு இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணை பொங்கிக் கடலூர்ப் பக்கம் மூழ்கியது. அப்புறம் நாலைந்து மாதத்துக்குப் பழைய கார் விற்கிற இடமெல்லாம் பளபளவென்று வண்டிகள், உள்ளே சென்ட் வாசனை. அந்த வாசனைதான் முதல் சந்தேகம். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. ஸ்டெப்னி இருக்கிற குழியையும், சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தையும் டார்ச் அடித்துப் பார்.

பேப்பர் வேலை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதே. லோன் பாக்கி ஆர்.சி.யில் நீக்கப்பட்டிருக்கிறதா பார். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயசுக்கேற்ப வரி கேட்பார்கள், அதையும் விலையோடு கூட்டிக்கொள். எனக்கு 2025 செப்டம்பரில் ஆர்.சி. புதுப்பித்தபோது 20 வருஷம் தாண்டியது என்பதால் 10,000 ரூபாய். ஆகஸ்டுக்கு முன்னால் போயிருந்தால் 5,000தான், என் சோம்பேறித்தனம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1,500 சிசிக்கு மேல் இருக்கிற வண்டிக்கு 2022இல் வைத்த கட்டணம் 7,897 ரூபாய், வரி தனி. பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால், 1995 ரப்பர் குழாய் அதற்குச் செய்ததில்லை, அதையும் மாற்றினேன். உனக்கு டீசல், அந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். இந்த வண்டிக்கு ஒரே ஒரு வைப்பர், மாப்ளே. நடுவில் நிற்கும். மழை வந்தால் மூலைக்கு வரும்போது கையை நீட்டுகிற மாதிரி நீண்டு, உச்சிக்குப் போகும்போது சுருங்கி, மறுபடி அடுத்த மூலைக்கு நீளும். கண்ணாடியில் 86 சதவீதத்தை அந்த ஒற்றைக் கையே துடைத்துவிடும். வருஷம் ஒருமுறை கிரீஸ் வைக்காவிட்டால் முனகும். ஐப்பசி மழையில் அரியாங்குப்பம் பாலத்தில் நிற்கும்போது பக்கத்து பஸ்ஸில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதையேதான் பார்க்கும்.

சனிக்கிழமை போவதாகச் சொன்னாயே, பானெட்டைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு போன் பண்ணு. நான் இப்போது பெரிய மார்க்கெட் போகிறேன், வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். ஸ்கூட்டியில்தான். பென்ஸில் மீன் ஏற்ற மாட்டேன்.

உன் மச்சான்