டியூப் ஹெட்போன் ஆம்ப் ரிவ்யூ போடுற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்க ரிவ்யூ ஒன்னு விடாம பாக்குறவன் நான், டியூப் ஆம்ப்னா, அதாவது கண்ணாடிக்குள்ள ஹீட்டர் எரியுற பழைய வேக்கம் டியூபை வச்சு ஹெட்போனை ஓட்டுற ஆம்ப்னா, எனக்கும் பைத்தியம்தான், அதனால இதை வம்புக்குன்னு எடுத்துக்காதீங்க. ரெண்டு ஆம்பை பக்கத்துல பக்கத்துல வச்சு கம்பேர் பண்றீங்க, அப்புறம் ஒரு டியூபை கழட்டிட்டு இன்னொன்னை மாட்டுறீங்க, அஞ்சு நிமிஷத்துல "பேஸ் தடிச்சிருச்சு, வோக்கல் முன்னாடி வந்துருச்சு, ஸ்டேஜ் (பாட்டு பரவி கேக்குற இடம்) விரிஞ்சிருச்சு"ன்னு முடிச்சிடுறீங்க. மாறவே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா அது டியூபால மாறுச்சா, சவுண்டு லெவல் ஏறுனதால மாறுச்சா, இல்ல உங்க ஹெட்போனுக்கும் அந்த ஆம்புக்கும் சேராததால அப்படி கேக்குதான்னு பிரிச்சு பாக்க, பாக்குறவனுக்கு ஒரு வழியும் விட்டு வைக்கறதில்ல. என் மனக்குறை மொத்தமும் இதுதான்.

முதல்ல லெவல். 12ஏயூ7ங்கற டியூபோட மியூ, அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும்ங்கற நம்பர், 20க்கு உள்ளதான், 12ஏடி7க்கு 60, 12ஏஎக்ஸ்7க்கு 100. மூணுக்கும் ஒரே பின் வயரிங், ஒரே சாக்கெட்ல அழகா உக்காரும். ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்தை திருப்பி உள்ள கொடுத்து பெருக்கலை கட்டுக்குள்ள வைக்கறது) இல்லாத ஆம்ப்ல ஒன்னை எடுத்துட்டு இன்னொன்னை மாட்டுனா, வால்யூம் குமிழியை தொடாமலே சத்தம் எங்கயோ போயிடும். சரி அது எல்லாருக்கும் தெரியுற கேஸ், ஒரே நம்பர் டியூப்லயே கம்பெனிக்கு கம்பெனி, புதுசுக்கும் தேஞ்சதுக்கும் லேசா வித்தியாசம் வரும், அதான் ஆபத்து, ஏன்னா அரை டெசிபல் கூடுனா காதுக்கு அது சத்தமா தெரியாது, "நல்லா இருக்கு"ன்னுதான் தெரியும். இதுக்கு லேப் எல்லாம் வேணாம். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்னை ஓட விடுங்க (1000 ஹெர்ட்ஸ்ல சாதாரண மல்டிமீட்டர் நிறைய தப்பா காட்டும்), ஹெட்போனை காதுல இருந்து எடுத்துட்டு, ஆனா ஆம்ப்ல இருந்து பிடுங்காம, அவுட்புட்ல ஏசி வோல்டேஜை பாருங்க. பழைய டியூப்ல 300 மில்லிவோல்ட் காட்டுச்சுன்னா புது டியூப்லயும் அதே 300க்கு கொண்டு வாங்க, 3 மில்லிவோல்ட் கூடக்குறைய இருந்தா பரவால்ல, அது 0.1 டெசிபல்கிட்டதான் வரும். இதை பண்ணிட்டு திரும்ப கேளுங்க. பல "ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்" அங்கயே காணாம போயிடும்.

அடுத்தது இம்பிடன்ஸ், அதாவது ஏசி சிக்னலுக்கு காட்டுற எதிர்ப்பு, ஓம்ல சொல்றது, இங்கதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன். டார்க்வாய்ஸ் 336, பாட்டில்ஹெட் கிராக், ஃபெலிக்ஸ் எலீஸ் எல்லாமே ஓடிஎல், அதாவது அவுட்புட்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, 6ஏஎஸ்7 இல்லைன்னா 6080 டியூப் நேரா ஒரு கெப்பாசிட்டர் வழியா ஹெட்போனை ஓட்டுது. அந்த டியூபே பாட்டு கேக்க பண்ணது இல்ல, பவர் சப்ளைல வோல்டேஜை கட்டுக்குள்ள வைக்க பண்ண ரெகுலேட்டர் டியூப், மியூ வெறும் 2. இப்படி ஓட்டுற ஆம்போட அவுட்புட் இம்பிடன்ஸ் சுமாரா 100 ஓமை ஒட்டி நிக்கும். இப்ப சென்ஹைசர் ஹெச்டி 650ஐ எடுங்க, அட்டைல 300 ஓம்னு இருக்கும், ஆனா 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனா அது 500 ஓம் வரைக்கும் ஏறிடும். 120 ஓம் அவுட்புட் உள்ள ஆம்ப்ல போட்டா, ஓம் ஏறுன இடத்துல வோல்டேஜ்ல ஹெட்போனோட பங்கும் ஏறும், கணக்குப்படி அந்த இடத்துல மட்டும் 1 டெசிபல் மேல தூக்கும். நீங்க "டியூபுக்கே உரிய அந்த வெதுவெதுப்பு"ன்னு சொல்றீங்களே, அதுல நல்ல பங்கு இந்த தூக்கல்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்லயே ஹெட்போனுக்கு முன்னாடி 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்னை போட்டாலும் அதே மேடு வரும்.

அதே ஆம்ப்ல 32 ஓம் ஹெட்போனை சொருகிட்டு ஒருத்தர் "பேஸே இல்ல, வேற டியூப் போட்டு பாக்கணும்"ன்னு சொன்னார். எந்த டியூபை போட்டு என்ன? அஞ்சுல நாலு பங்கு வோல்டேஜ் ஆம்புக்குள்ளயே நின்னுடுது. ஆம்புக்கும் ஹெட்போனுக்கும் ஓம் சேராததுக்கு பழியை தூக்கி டியூப் தலையில போடுறது நியாயமா சொல்லுங்க.

இதுனாலதான் ஷீட் வாலி 2 மாதிரி ஹைபிரிடை, முன்னாடி ஒரே டியூப் பின்னாடி டிரான்சிஸ்டர் இருக்குற ஆம்பை, ஒரு ஓடிஎல் பக்கத்துல வச்சு "எதுல டியூப் சவுண்டு ஜாஸ்தி"ன்னு கேக்குறது எனக்கு மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற மாதிரி படுது. கம்பேர் பண்ணுங்க, வேணாங்கல, ஆனா எந்த ஹெட்போன், எத்தனை ஓம்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க. 12 வோல்ட், 24 வோல்ட் அடாப்டர்ல ஓடுற குட்டி ஆம்ப் சிலதுல டியூபுக்கு அடியில ஆரஞ்சு எல்இடி வச்சிருப்பாங்க, ஹீட்டர் வெளிச்சம் மாதிரி ஜம்முனு தெரியும். நெருப்பு மாதிரி ஜொலிக்குதுன்னு ரிவ்யூல சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

டியூப் மாத்துறதே சும்மான்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. 6080 இருக்குற இடத்துல 5998 போட்டா பேஸ் இறுகுதுன்னு பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, அது கற்பனை இல்ல, 5998ஓட மியூ 5.5 பக்கம், அதனால அவுட்புட் இம்பிடன்ஸ் கிட்டத்தட்ட பாதியா குறையுது, மேல சொன்ன மேடும் கூடவே குறையுது. காரணத்தோட சொன்னா எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. ஆனா ஒரு 6080ஐ எடுத்துட்டு வேற கம்பெனி 6080 போட்டா பெருசா எதுவும் நடக்காது, கேத்தோட் ஃபாலோயரா, அதாவது வோல்டேஜை பெருக்காம கரண்ட் மட்டும் கொடுக்குற மாதிரி, ஓடுற டியூப் தன் குணத்தை தானே அடக்கிக்கும். முன்னாடி நிக்குற 6எஸ்என்7, 12ஏயூ7 இதுங்களை மாத்தி கேளுங்க, கெயின் (பெருக்கல்) வர்ற இடம் அதான், டிஸ்டார்ஷன் வித்தியாசம் இருந்தா அங்கதான் காதுக்கு எட்டும்.

அப்புறம் இந்த "ஸ்டேஜ்" சமாச்சாரம். கிராக் மாதிரி ஆம்ப்ல ஒரே கண்ணாடிக்குள்ள இருக்குற ரெண்டு டிரையோடுல (தனித்தனியா வேலை செய்யுற டியூப் பாதிகள்) ஒன்னு இடது காதுக்கு, ஒன்னு வலது காதுக்கு. ரெண்டு பாதியும் சமமா இல்லைன்னா நடுவுல நிக்க வேண்டிய குரல் ஒரு பக்கமா சாயும், அதைக் கேட்டுட்டு சில பேர் "இடம் விட்டு இடம் பிரிஞ்சு கேக்குது"ன்னு சொல்லிடுறாங்க. மோனோ ரெக்கார்டிங் ஒன்னை போட்டு குரல் நட்ட நடுவுல நிக்குதான்னு பாத்தா போதும், நிக்கலைன்னா அந்த டியூபை வச்சு ஸ்டேஜ் பத்தி பேசவே கூடாது. அதே மாதிரி பென்சிலோட ரப்பர் முனையால கண்ணாடியை மெல்ல தட்டிப் பாருங்க, நல்ல டியூப்னா லேசா ஒரு "டொக்", மைக்ரோஃபோனிக் (அதிர்வை சத்தமாக்குற) டியூப்னா "ணங்ங்ங்"ன்னு இழுத்துக்கிட்டே போகும். ஹம், இரைச்சல், இந்த ணங், சேனல் பேலன்ஸ் இதெல்லாம் டியூபுக்கு டியூப் நிஜமாவே மாறுது, யார் வேணா வீட்டுல சோதிக்கலாம், ஆனா ரிவ்யூல இதுக்கு ஒரு வரி கூட இல்ல, "பட்டு மாதிரி ட்ரெபிள்"க்கு மட்டும் ஒரு பாரா.

பேரையும் முழுசா சொல்லுங்க. "முல்லார்ட் போட்டேன்"னா எந்த முல்லார்ட்? இங்கிலாந்துல பிளாக்பர்ன் ஃபேக்டரில வந்த பழசா, இல்ல நியூ சென்சார் கம்பெனி அந்தப் பேரை வாங்கி ரஷ்யாவுல சராடோவ்ல பண்றதா? டங்-சோலுக்கும் இதே கதை. ரெண்டுக்கும் பேரைத் தவிர உறவே கிடையாது. கண்ணாடி மேல இருக்குற பிரிண்டையும் நம்பாதீங்க, விரலால தேச்சாலே போற மை அது, எவனும் எதையும் அடிச்சு விக்கலாம். பழைய டெலிஃபங்கன்னா அடியில பின்னுங்களுக்கு நடுவுல கண்ணாடியிலயே டைமண்டு குறி அச்சா இருக்கும், பிலிப்ஸ் குரூப் ஃபேக்டரி டியூப்ல கீழ ஓரத்துல சின்னதா ஒரு குறியீடு (code) இருக்கும், கேமராவை அங்க கொண்டு போய் காட்டுங்க.

கடைசியா ஒன்னு, இதுல மட்டும் நான் கோவமாவே சொல்றேன். 12ஏயூ7உம் 6டிஜே8உம் ஒரே ஒன்பது பின், ரெண்டும் ஒரே சாக்கெட்ல இறங்கும், ஆனா ஹீட்டர் வயரிங் வேற. 4, 5 பின்னுக்கு 12.6 வோல்ட் கொடுக்குற சாக்கெட்ல 6டிஜே8 போனா 6.3 வோல்ட் ஹீட்டர் ரெண்டு மடங்கு வாங்கி கருகிடும். 6922 இருந்த இடத்துல 6என்1பி போட்டா ஹீட்டர் கரண்ட் 0.3ல இருந்து 0.6 ஆம்பியருக்கு போகும், 6080 இடத்துல 6336 போட்டா 2.5ல இருந்து 5க்கு போகும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமான்னு யாராச்சும் பாத்தீங்களா? "இதுவும் பொருந்தும், ட்ரை பண்ணி பாருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு போயிடுறீங்க, அதை நம்பி மாட்டுறவன் ஆம்பை இழக்குறான். டேட்டா ஷீட்ல ஹீட்டர் வோல்டேஜ், ஹீட்டர் கரண்ட், பின் வயரிங் பாத்துட்டு சொல்லுங்க, சந்தேகமா இருந்தா அந்த டியூபை ரிவ்யூல காட்டவே வேணாம். ஏற்கனவே அப்படி சொன்ன வீடியோ இருந்தா கீழ ஒரு திருத்தம் போட்டுடுங்க, இந்த வாரமே.

இப்படிக்கு,
அடுத்த ரிவ்யூவையும் பாக்கத்தான் போற ஒருத்தன்