நீ அனுப்பிய ‘நீ’

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. தமிழில் நீ, சீனத்தில் நி, கொரிய மொழியில் நி, சுவீடிய மொழியில் நி. நான்குக்கும் பொருள் ஒன்றே என்கிறது படம். கீழே தடித்த எழுத்தில் ‘உலக மொழிகளின் தாய் எது என்று இனியும் சொல்ல வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி. சிக்கல் என்னவென்றால், அந்தச் சொற்களில் ஒன்றும் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

முதலில் படத்தில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். பாஸ்க் மொழியில் ‘நி’ என்றால் நான். நைஜீரியாவில் பேசும் ஹௌசாவிலும் நான். வெல்ஷ் மொழியில் நாங்கள். டேனிஷில் ஒன்பது. பிரெஞ்சில் ‘அதுவும் இல்லை, இதுவும் இல்லை’ என்னும்போது வரும் ‘இல்லை’. நவஹோ மொழியில் மறுபடியும் நீ! பொருந்துவதை மட்டும் பொறுக்கிப் படம் போட்டால் எந்த மொழியையும் எதற்கும் தாயாக்கிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு மொழியில் இருபது மெய், ஐந்து உயிர் என்று வைத்துக்கொள்; நூறு எளிய அசைகள் வரும். உலகில் சுமார் 7000 மொழிகள். எல்லாவற்றிலும் முன்னிலைச் சொல் இப்படி ஓரசையாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாலே எழுபது மொழிகளில் ‘நி’ விழும். எல்லா மொழியிலும் அது ஓரசையாக இல்லைதான். ஆனால் ந, இ இரண்டும் எங்கும் கிடைக்கும் ஒலிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, உன் படத்துக்கு வருவோம்.

கொரிய ‘நி’ பேச்சில் வந்த ஒரு ஒட்டுவேலை. ‘நீ’க்கு அடிப்படைச் சொல் ‘நொ’ போல ஒலிக்கும். எழுவாயாகவோ ‘உன்’ என்ற பொருளிலோ வரும்போது அது ‘நே’ ஆகும். ‘நான், என்’ என்பதற்கும் ஒரு ‘நே’ உண்டு; அதன் உயிரொலி முன்பு வேறாக இருந்தது, இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. உன் வீடா என் வீடா என்று கேட்பவருக்குப் புரியாமல் போகவே, பேச்சில் ‘உன்’ பக்கத்தை ‘நி’ ஆக்கிக்கொண்டார்கள்.

சுவீடியம் இன்னும் வேடிக்கை. அங்கே ‘நீங்கள்’ என்பதற்குப் பழைய சொல் வெறும் ‘ஈ’. முன்னிலைப் பன்மை வினை அப்போது ‘-என்’ என்று முடியும். கேள்வியில் வினை முன்னால் வரும்: ‘வேத்தென் ஈ?’, அதாவது தெரியுமா உங்களுக்கு? வேகமாகச் சொல்லிப் பார், ‘வேத்தெ நீ’ என்றுதான் காதில் விழும். வினையின் வாலில் இருந்த ‘ன்’ பக்கத்துச் சொல்லின் தலைக்குத் தாவிவிட்டது. அவ்வளவுதான் கதை. மேலும் அது பன்மைச் சொல். ஒருவரிடம் சொன்னால் மரியாதைப் பன்மை. நம் ‘நீ’க்கு நேர் எதிர். மரியாதைக்கு வந்த அந்தச் சொல்லும் நாளடைவில் கீழே இருப்பவரை அழைக்கும் சொல்லாகச் சிறுத்துப்போக, மேலே இருப்பவரைப் பட்டத்தையும் பதவியையும் சொல்லியே அழைத்தார்கள். 1967-இல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைவராக வந்த புரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் ‘டூ’ என்று ஒருமையிலேயே அழைக்கப்போவதாகச் சொன்னார். நாடே ஏறக்குறைய அந்தப் பக்கம் சாய்ந்தது. நம் அலுவலகங்களில் இது நடப்பதைக் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

சீனத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய சீன நூல்களில் ‘நீ’ என்ற பொருளில் வரும் எழுத்து ஒன்று இன்றைய பெய்ஜிங் பேச்சில் ‘அர்’ என்று ஒலிக்கிறது. இன்றைய ‘நி’ அதே சொல்லின் பேச்சுவழக்கு வடிவம். எழுத்தில் வாசிக்கப்பட்ட சொல் மாறிப்போனது, வாயில் புழங்கியது அதிகம் மாறாமல் தங்கியது. அந்த ‘அர்’ முன்பு ‘ஞி’ போல ஒலித்தது என்று எப்படித் தெரியும்? இரண்டு என்ற எண்ணுக்கும் இன்று ‘அர்’தான். சீனத்திடமிருந்து அதைக் கடன் வாங்கிய ஜப்பானியர் இரண்டை ‘நி’ என்கிறார்கள். வியட்நாமியர் சீனத்திடமிருந்து வாங்கிய சொல்லில் அது ‘ஞி’. இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மனிதன்: சீனத்தில் ரென், ஜப்பானில் நின், வியட்நாமில் ஞன். இறைச்சி: ரோ, நிக்கு, ஞுக். பகல்: ரி, நிச்சி, ஞத். ஒரு பக்கம் ‘ர’ வந்தால் இன்னொரு பக்கம் ‘நி’, மூன்றாவது பக்கம் ‘ஞ’, வரிசை வரிசையாக. மொழியியலாளர்கள் தேடுவது இந்த வரிசையைத்தான். ரோவும் நிக்குவும் காதுக்கு ஒட்டவே ஒட்டாது, ஆனால் ஒரே மூலம்.

அந்த வரிசை நமக்கும் பழக்கமானதுதான். பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பூ – ஹூ. தமிழில் ‘ப’ என்றால் கன்னடத்தில் ‘ஹ’. இப்படி ஒரு பட்டியலைத் தமிழுக்கும் சீனத்துக்கும் யாரும் காட்டவில்லை. ‘நீ’ மட்டும் தனியாக நிற்கிறது.

அப்புறம், நம் ‘நீ’யும் முழுச்சொல் அல்ல. ‘நின்’ என்று வேற்றுமை ஏற்கும்போது ஒரு ‘ன்’ எட்டிப் பார்க்கிறதே, அது சும்மா வந்ததில்லை. கன்னடத்தில் நீனு. ஜார்க்கண்ட் பக்கம் பேசும் குடுக்கில் நீன். இவற்றையெல்லாம் வைத்துத்தான் மூல வடிவம் ‘நீன்’ என்று சொல்கிறார்கள். ஆக, ‘நீன்’ தேய்ந்து வந்த ‘நீ’யையும், ‘ஞி’ போன்ற ஒன்றிலிருந்து வந்த ‘நி’யையும், ‘ன்’ தாவி உண்டான ‘நி’யையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்டு மறைந்த ம்பபரம் மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலத்திலிருந்து வாங்கியதில்லை, பக்கத்து மொழிகளில் ‘குடக’ என்று இருக்கும் சொல் தலையை இழந்து அப்படி ஆனது. இதை உன் குழுவில் போட்டால் ஆங்கிலம்தான் ஆஸ்திரேலிய மொழிகளின் தாய் என்று ஒரு படம் தயாராகிவிடும்.

உண்மையான உறவு வேண்டுமானால் பலுசிஸ்தானுக்குப் போ. அங்கே பேசும் திராவிட மொழியான பிராகூயியில் ‘நீ’ என்றால் நீயேதான். அதை நம்புவதற்குக் காரணம் அந்த ஒரு சொல் அல்ல. இரண்டுக்கு ‘இரட்’, மூன்றுக்கு ‘முசிட்’ (நான்கிலிருந்து எண்களெல்லாம் கடன்). நாம் ‘க’ என்னும் இடத்தில் தொண்டையை உரசும் ‘ஃக’: கண்ணுக்கு ‘ஃகன்’, கல்லுக்கு ‘ஃகல்’. காதுக்கு ‘ஃகஃப்’. இந்தக் கடைசிச் சொல்லை உன் குழுவில் கேட்டுப் பார், இது எந்தத் தமிழ்ச் சொல்லின் உறவு என்று. கன்னடத்தின் ‘கிவி’யை நடுவில் வைத்தால் ஒருவேளை யாராவது ‘செவி’ என்று பிடிப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்