பழைய எஞ்சின் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள்

பழைய நீராவி எஞ்சின்களை ஓட்டுகிறவர்களுக்கும், நிறுத்தி வைத்துக் காட்டுகிறவர்களுக்கும்,

வணக்கமுங்க.

போன மாதம் மகள் வயிற்றுப் பேரனை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். காலை 7.10 ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, எஞ்சினையாவது பார்க்கட்டுமே என்றுதான். ஆவி சீறுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பிச்சி, இது எப்பவாச்சும் வெடிச்சிருக்குதுங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்ல கேள்விதான். இப்படி எஞ்சின்கள் நிற்கும் இடங்களில் நான் படித்த பலகைகளில் செய்த நாடு இருக்கும், வருஷம் இருக்கும், எடை இருக்கும். எது உடைந்தது, யாருக்குச் சுட்டது, அப்புறம் எதை மாற்றினார்கள் என்று ஒரு வரி இருக்காது.

நான் திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் 26 வருஷம் பாய்லர் பார்த்தவன். எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் நைட் ஷிப்டில் கேஜ் கிளாஸ், அதாவது பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய், பாதி தண்ணீர் காட்டியது. "கண்ணாடிய நம்பாத கண்ணு, தொறந்து பாரு" என்று தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் சொல்லியிருந்த பழக்கத்தில் அந்தக் கண்ணாடியின் கீழ்க் குழாயைத் திறந்து மூடினேன். மூடியதும் தண்ணீர் குபுக்கென்று மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. வழியை உப்பு அடைத்திருந்தது, அரை மணி நேரமாக நான் பார்த்தது பழைய தண்ணீர். உள்ளே தண்ணீர் இறங்கித் தகடு பழுத்திருக்கலாம், அந்த நிலையில் பதறிப் போய்ப் பச்சைத் தண்ணீரை உள்ளே விட்டால் அதுவே வெடிக்க வைக்கும். விறகை வெளியே இழுத்துப் போட்டுத் தீயை அடக்கினோம். ரிஜிஸ்டரில் 'பாய்லர் ரிப்பேர், 2 நாள்' என்று மட்டும் எழுதினார்கள்.

அதே கோளாறு ரயில் எஞ்சினிலும் நடந்திருக்கிறது. 1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கார்ட்னர்ஸ் என்ற ஊரருகே, 1948இல் செய்த 1278 எண் எஞ்சின் சுற்றுலாப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியதில் நெருப்புப் பெட்டியின் மேல் தகடு பழுத்துக் கிழிந்தது. எஞ்சினில் இருந்த 3 பேருக்கும் தீக்காயம். பிரித்துப் பார்த்தால், கேஜ் கிளாஸுக்குப் போகும் வழியில் உப்புப் படிவு! 1996இல் வந்த விசாரணை அறிக்கையை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1999இல் விதிகளையே திருத்தினார்கள். 1,472 நாள் ஓடினாலும் சரி, 15 வருஷம் ஆனாலும் சரி, எது முந்துகிறதோ அப்போது பாய்லரை முழுசாகச் சோதிக்க வேண்டும். அந்த எஞ்சின் இப்போது ஒஹையோவில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று, பருத்தி ஊர்க்காரனான எனக்குப் பிடித்தது. 1831இல் அதே நாட்டின் சார்ல்ஸ்டனில் 'பெஸ்ட் ஃபிரெண்ட்' என்ற எஞ்சினுக்குத் தீ போடும் ஃபயர்மேன், ஆவி மிஞ்சினால் வெளியே விடும் சேஃப்டி வால்வ் சீறும் சத்தம் பொறுக்காமல் அதை அழுத்திப் பிடித்துவிட்டார். பாய்லர் வெடித்து அவர் உயிரே போனது. மக்கள் ரயிலேறப் பயந்தார்கள். எஞ்சினுக்கும் பயணிகள் பெட்டிக்கும் நடுவே பஞ்சுப் பொதி அடுக்கிய வண்டி ஒன்றைக் கோத்துத்தான் அந்தப் பயத்தைத் தெளிய வைத்தார்கள்.

நம் மலை ரயிலிலும் பயத்தைக் கண்ணால் பார்க்கலாம். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால்தான் எஞ்சின் கீழே நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் கடித்துப் பிடிக்கும் பல்பட்டை ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. பெட்டி உருண்டு ஓடினால் என்ன ஆகும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்த யோசனை அது.

பெரிய விபத்து என்றால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். நான் கேட்பது சின்னச் சின்னதையும் சேர்த்து. ஒவ்வொரு எஞ்சினுக்கும் பணிமனைக் குறிப்பேடு இருக்குமில்லையா? அதிலிருந்து எந்தத் தேதியில் எது பழுதானது, ஏன், எதை மாற்றினோம் என்று எடுத்து எஞ்சின் பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள். விபத்தே நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எந்தச் சோதனை அதைத் தடுத்தது என்பதோடு. பெயர் போட்டு யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். விளம்பரம் கெட்டுப் போகும் என்று தயங்காதீர்கள், பிள்ளைகள் அந்தப் பலகையைத்தான் முதலில் படிப்பார்கள்.

பாய்லர் சமாச்சாரத்தை எளிய தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். பலகையை மட்டும் ஏழு வயசுப் பையனுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பாய்லர்காரன்
காரமடை